டோனாவூரின் அம்மா: உடன் இருப்பதே பராமரிப்பு



ரமளான் பிறந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் யத்தீம் பிள்ளைகளைப் பற்றிய பேச்சும் சேர்ந்தே பிறந்துவிடும். ஸகாத், ஸதகா, ஃபித்ரா என்று பணம் வரும். புத்தாடை வாங்கிக் கொடுப்போம், நோன்பு திறக்க வைப்போம், பெருநாள் காசு கொடுப்போம். அல்லாஹ் அவற்றை ஏற்றுக்கொள்வானாக.

ஒரு ரமளானில் தராவீஹ் முடிந்த பிறகு சில இளைஞர்கள் நம்மிடம் வந்தார்கள். வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் நிதி தரத் தயாராக இருக்கிறார்கள், மனையும் கிடைத்துவிட்டது, ஒரு யத்தீம்கானா கட்டலாம் என்று இருக்கிறோம், மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். நல்ல நிய்யத். அதில் சந்தேகமில்லை. நாம் அவர்களிடம் ஒரு கேள்வியைத்தான் கேட்டோம். இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை காய்ச்சலில் அழுதால் எழுந்து போகப்போவது யார்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டடத்துக்கு வரைபடம் இருந்தது, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே பதிலாகக் கொடுத்த ஒரு பெண்மணி நம் நெல்லைச் சீமையிலேயே வாழ்ந்து மறைந்திருக்கிறார். நெல்லை ஏர்வாடியிலிருந்தும் களக்காட்டிலிருந்தும் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய டோனாவூரில் அவருடைய கபுர் இருக்கிறது. அதன்மேல் பெயர் பொறித்த கல் கிடையாது. அவர் பெயர் ஏமி கார்மைக்கேல்.

அவர் முஸ்லிம் அல்லர். கிறிஸ்தவ மதத்தைப் பரப்புவதற்காக வந்த மிஷனரி. அவருடைய கொள்கையோடு நமக்கு உடன்பாடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் யாரைப் பற்றிப் பேசினாலும் நீதியோடு சாட்சி சொல்ல வேண்டும் என்பது குர்ஆன் நமக்குக் கற்றுத்தந்த பாடம். நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் பயணத்தில் வழிகாட்டியாக அமர்த்திக்கொண்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிமாக இருக்கவில்லை. பாதை தெரிந்தவரிடம் பாதையைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆதரவற்ற குழந்தையைப் பராமரிக்கும் பாதையை இந்த அம்மையார் நன்றாக அறிந்திருந்தார். தவறிய இடங்களிலிருந்தும் கற்றுக்கொண்டார்.

பெல்ஃபாஸ்ட் தெருக்களில்

அயர்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் மில்ஐல் என்ற சிற்றூரில் 1867 டிசம்பர் 16 அன்று ஏமி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தந்தைக்கு மாவு ஆலை இருந்தது. வசதியான குடும்பம். பின்னர் பெல்ஃபாஸ்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1885-ல் தந்தை இறந்துவிட, பதினேழு வயதில் தம்பி தங்கைகளுக்கு இன்னொரு தாயாக நிற்க வேண்டிய நிலை ஏமிக்கு வந்தது. தகப்பனை இழந்த வீடு எப்படி இருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு கிழவி கனமான மூட்டையோடு தடுமாறுவதைப் பார்த்து ஏமியும் தம்பிகளும் கைகொடுத்தார்கள். நல்ல உடை உடுத்திய கூட்டம் அவர்களைக் கடந்து போனது. கந்தல் உடுத்திய கிழவியோடு தாங்கள் நடப்பதை எல்லாரும் பார்க்கிறார்களே என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை நினைத்துத்தான் ஏமி பிறகு வெட்கப்பட்டார். மனிதர்கள் பார்ப்பதற்காகச் செய்வது, மனிதர்கள் பார்ப்பார்களே என்று விடுவது, இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். நம் மார்க்கத்தில் அதற்கு ரியா என்ற பெயர் இருக்கிறது. அன்றைக்கு அந்த நோயை அவர் தமக்குள் கண்டுகொண்டார்.

பெல்ஃபாஸ்ட் ஆலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொள்வார்கள். கௌரவமான ஆலயங்களில் அவர்களுக்கு வரவேற்பு இல்லை. ஏமி அவர்களுக்காக வகுப்புகள் நடத்தினார். கூட்டம் பெருகியதால் 1889-ல் தகரத்தால் ஒரு மண்டபம் எழுப்பப்பட்டது.

பிறகு சீனாவுக்குப் போக விண்ணப்பித்தார். பரிசோதித்த மருத்துவர், இந்த உடம்பு தாங்காது என்று தடுத்துவிட்டார். வாரக்கணக்கில் படுக்க வைக்கும் நரம்பு வலி அவருக்கு இருந்தது. 1893-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கும் உடல்நிலை கெட்டுத் திரும்பினார். 1895 நவம்பரில் இந்தியா வந்து சேர்ந்தார். உடல் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பெண், அதன்பிறகு 55 ஆண்டுகள் ஒரு முறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்தார்.

தாமிரபரணிக் கரைக்கு வந்த குழந்தை

முதலில் பெங்களூரில் இருந்தவர், 1896 இறுதியில் நெல்லைச் சீமைக்கு வந்தார். தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியின் வழிகாட்டலில் தமிழ் படித்தார். தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில், பெருங்குளம் பக்கத்தில் உள்ள பண்ணைவிளையில் தங்கினார். ஐரோப்பிய உடையை விட்டுவிட்டுச் சேலை உடுத்திக்கொண்டு, உள்ளூர்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். அதுவரைக்கும் அவர் செய்தது மதப் பிரச்சாரம்தான். ஒரு குழந்தை அவருடைய பாதையைத் திருப்பியது.

1901 மார்ச் மாதம், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். ப்ரீனா என்ற பெயரால் அவள் அறியப்படுகிறாள். அக்காலத்தில் சில கோயில்களுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. அப்படி ஒரு வீட்டில் விடப்பட்டிருந்த அந்தப் பிள்ளை, அதற்கு முன்பே ஒரு முறை தப்பித் தூத்துக்குடி வரை நடந்து தாயிடம் போயிருந்தாள். பயந்துபோன தாய் அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாக அவள் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை தப்பியபோது ஏமி இருந்த ஊருக்கு வந்துவிட்டாள். தேடி வந்தவர்களிடம் அவளைக் கொடுக்க ஏமி மறுத்துவிட்டார். தனக்கு நடந்ததையெல்லாம் அந்தப் பிள்ளை, வீட்டில் இருந்த பொம்மையை வைத்து விளையாட்டுப் போலச் செய்து காட்டினாள். கேட்டவர்களுக்கு உறக்கம் வரவில்லை.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தை எதிர்த்துப் போராடியவர்களில் இந்து சமுதாயத்துச் சீர்திருத்தவாதிகளே முன்னணியில் நின்றார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்றத்தில் அதற்காகக் குரல் கொடுத்தார். 1947-ல் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. எந்தச் சமுதாயத்திலும் குழந்தைகளுக்கு இழைக்கப்படும் அநீதி இருக்கும், அதை எதிர்க்கும் மனசாட்சியும் இருக்கும். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அதே 1901-ஆம் ஆண்டில் ஏமி டோனாவூருக்கு இடம் மாறினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பனையும் செம்மண்ணும் சூழ்ந்த சிற்றூர் அது. முன்பு அங்கே ஆலயம் கட்ட உதவிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் அந்த ஊருக்குப் பெயர் வந்தது. அங்கே அவரிடம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கோயிலுக்கு விடப்பட இருந்தவர்கள், தாய் தகப்பன் இல்லாதவர்கள், பெண்ணாகப் பிறந்ததால் வேண்டாம் என்று விடப்பட்ட சிசுக்கள். 1904-ன் நடுவில் 17 பிள்ளைகள். 1913-ல் 130 பிள்ளைகள்.

இரக்கம் மட்டும் போதவில்லை

இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது. தொடக்கத்தில் வந்த கைக்குழந்தைகளில் சிலரை அவரால் காப்பாற்ற முடியவில்லை. தாய்ப்பால் இல்லாத சிசுவுக்கு எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பது தெரியவில்லை. அந்நியக் குழந்தைக்குப் பாலூட்ட ஊர்ப் பெண்கள் முன்வரவில்லை. பக்கத்தில் மருத்துவமனை கிடையாது. அன்பு நிறைய இருந்தது. ஆனால் அன்பு வயிற்றுப்போக்கை நிறுத்திவிடாது.

அவர் என்ன செய்தார்? நம்மால் முடிந்ததைச் செய்தோம், மற்றது இறைவன் நாட்டம் என்று சொல்லிவிட்டு அதே வழியில் தொடரவில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில் அப்போதே ஒரு மருத்துவமனை இருந்தது. கைக்குழந்தைகளை அங்கே கொண்டுபோய், மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஒரு குழந்தைகள் இல்லத்தை அமைத்தார். அதைப் பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண்ணிடம் ஒப்படைத்தார்.

பொன்னம்மாளின் பெயரை நாம் மறக்கக் கூடாது. இளம் வயதிலேயே விதவையாகி, மாமியார் வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர். உலகம் இவளால் என்ன பயன் என்று ஒதுக்கிய பெண், சிசுக்களுக்குப் பால் கலக்கும் அளவையும் பாத்திரத்தைக் கொதிக்க வைக்கும் ஒழுங்கையும் மருத்துவர்களிடம் கற்றுக்கொண்டார். கற்றதை மற்றப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அங்கும் சீதபேதி பரவிப் பல குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகும் அவர்கள் கைவிடவில்லை. 1907-ல் முறையாகப் பயிற்சி பெற்ற மேபல் வேட் என்ற செவிலியர் டோனாவூருக்கு வந்து சேர்ந்தார். பிறகு கைக்குழந்தைகளும் டோனாவூருக்கே திரும்பினார்கள். 1915-ல் பொன்னம்மாள் புற்றுநோயால் இறந்தார். ஏமிக்குத் தம் கையே போனது போலிருந்தது.

இரக்கம் ஒரு தொடக்கம். அதோடு அறிவும் பயிற்சியும் சேராவிட்டால், நாம் நேசிக்கும் பிள்ளையே நம் கையில் துன்பப்படும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நமக்கு இது புதிய பாடமாக இருக்கக் கூடாது.

அக்கா, அண்ணாச்சி, சித்தி

டோனாவூரில் அவர் அமைத்தது பெரிய கூடமும் வரிசையாகப் பாயும் உள்ள விடுதி அல்ல. சிறுசிறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் சில பிள்ளைகள், அவர்களோடு ஒரு பெண். பிள்ளைகள் அவரை அக்கா என்பார்கள். பணி செய்ய வந்த ஐரோப்பியப் பெண்கள் சித்தி ஆனார்கள். ஆண்கள் நம் நெல்லை வழக்கப்படி அண்ணாச்சி ஆனார்கள். ஏமி எல்லாருக்கும் அம்மா. மேட்ரன், வார்டன், சூப்பரின்டென்டென்ட் என்ற பதவிப் பெயர்களுக்கு அங்கே வேலை இல்லை.

இது வெறும் பெயர் விஷயம் அல்ல. ஒரு குழந்தைக்கு மூன்று வேளை உணவு பத்துப் பேர் மாறி மாறிக் கொடுக்கலாம். ஆனால் பத்துப் பேர் மாறிக்கொண்டே இருந்தால், தான் யாருடைய பிள்ளை என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தினமும் அதே முகம், அதே குரல், அதே மடி வேண்டும். இன்றைக்குக் குழந்தை நல வல்லுநர்கள் ஆதரவற்ற பிள்ளைகளைப் பெரிய விடுதிகளில் அடைப்பதைவிடக் குடும்பச் சூழலில் வளர்ப்பதே சிறந்தது என்கிறார்கள். இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் பிள்ளையை விடுதியில் வைப்பதைக் கடைசி வழியாகத்தான் பார்க்கிறது.

பிறந்த நாள் தெரியாத பிள்ளைகள் அங்கே ஏராளம். அதனால் அவர்கள் டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளை ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறப்பு நாளாக வைத்துக்கொண்டார்கள். நாம் பிறந்த நாள் கொண்டாடுவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் நீ வந்த நாள் எங்களுக்குச் சந்தோஷமான நாள் என்று ஒரு யத்தீம் பிள்ளைக்கு உணர்த்துவது எவ்வளவு பெரிய மருந்து என்று யோசித்துப் பாருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை அவர் இரண்டு உறுதிகளை வைத்திருந்தார். ஒன்று, யாரிடமும் போய்க் கேட்பதில்லை. இரண்டு, கடன் வாங்குவதில்லை. பணியாளர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் வந்ததிலிருந்து எல்லாருடைய தேவையும் கவனிக்கப்பட்டது. ஜாதி பார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. வெள்ளையர் தனி, தமிழர் தனி என்ற பிரிவினையையும் அவர் ஏற்கவில்லை. வந்தவர் யாராக இருந்தாலும் பிள்ளைகளின் கழிவைச் சுத்தம் செய்வது உட்பட எந்த வேலையும் செய்யத் தயாராக இருக்க வேண்டும். சேவை செய்யும் ஆசையோடு வந்த சிலருக்கு அது பிடிக்காமல் திரும்பியதும் உண்டு.

1919-ல் ஆங்கிலேய அரசு அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. வாங்க மறுத்தவரை மற்றவர்கள் வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தார்கள். வழங்கும் விழாவுக்கு அவர் போகவில்லை.

சிறுவர்களும் மருத்துவமனையும்

1918-ல் சிறுவர்களுக்கான இல்லமும் தொடங்கியது. 1920-களில் மருத்துவர்கள் வந்து சேர்ந்தார்கள். மே பவல் என்ற பெண் மருத்துவர், மர்ரே வெப்-பெப்லோ என்ற அறுவை மருத்துவர் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். 1926-27 காலத்தில், தம்மை அனுப்பிய மிஷன் சங்கத்திலிருந்து பிரிந்து டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாக ஆனது. பரம சுகசாலை என்ற பெயரில் ஒரு மருத்துவமனை கட்டப்பட்டது. டோனாவூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதை மூடி வைக்கவில்லை. சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் மதம் பார்க்காமல் அங்கே போனார்கள். அந்த இல்லத்தில் வளர்ந்த பெண்களே செவிலியர்களாகப் பயிற்சி பெற்று அங்கே பணி செய்தார்கள். பராமரிக்கப்பட்ட குழந்தை வளர்ந்து பராமரிப்பவளாக ஆகிறாள். தானம் வாங்கிய கை கொடுக்கும் கையாக மாறுகிறது. நம் ஸகாத்தின் நோக்கமும் அதுதானே.

குழியில் விழுந்த பிறகு இருபது ஆண்டுகள்

1931 அக்டோபர் 24. களக்காட்டில் ஒரு மருந்தகம் தொடங்க வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது சாய்ந்துவிட்டது. கழிப்பறைக்காகத் தோண்டியிருந்த குழியை இருட்டில் கவனிக்காமல் உள்ளே விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடி. அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அதன்பின் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார்.

முப்பது ஆண்டுகள் மற்றவர்களைத் தூக்கி வளர்த்தவரை இப்போது மற்றவர்கள் தூக்கி உட்கார வைக்க வேண்டியிருந்தது. வலி, உறக்கமின்மை, பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை. நம் வீடுகளில் பக்கவாதத்தில் படுத்த வாப்பாவும், இடுப்பெலும்பு முறிந்த உம்மாவும் அனுபவிப்பது இதைத்தான்.

டோனாவூர் அவரை ஓர் ஓரத்தில் வைத்து மறந்துவிடவில்லை. பிள்ளைகள் சிறு குழுக்களாக அந்த அறைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். நிர்வாகத்தில் அவருடைய ஆலோசனையைக் கேட்டார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குறிப்புகள் எழுதினார். பல நூல்களை அந்தப் படுக்கையிலிருந்தே எழுதினார். நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் எழுத்தைப் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களே எழுதுகிறார்கள், அது வலியில் கிடப்பவரைத் தொடுவதில்லை என்று அவருக்குப் பட்டது. ஆகவே தாமே நோயாளியாக இருந்துகொண்டு நோயாளிகளுக்காக எழுதி 1933-ல் ஒரு நூல் வெளியிட்டார்.

படுத்த நோயாளிக்குத் தேவையானவை மருந்தும் கஞ்சியும் மட்டுமல்ல. தன்னால் இன்னும் யாருக்கோ பயன் உண்டு என்ற எண்ணமும் வேண்டும். வீட்டு விஷயத்தில் வாப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்பது, உம்மாவின் கையால் பேரப்பிள்ளைக்கு ஒரு காசு கொடுக்க வைப்பது, இவையும் சிகிச்சைதான்.

1951 ஜனவரி 18 அன்று, 83-ஆம் வயதில் அவர் இறந்தார். அவர் வாழ்நாளில் டோனாவூரில் வளர்ந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கும் அதிகம் என்று கணக்கிடப்படுகிறது. தம் கபுரின்மேல் கல் நாட்டக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். தாயைக் குறிக்கும் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள்.

நாம் வேறுபடும் இடம்

நாம் வேறுபடும் இடங்களை மறைத்துவிட்டுப் பாராட்டுவது நேர்மை ஆகாது. அவரிடம் வந்த பிள்ளைகள் அவருடைய மதத்தில் வளர்க்கப்பட்டார்கள். பிள்ளையைத் திரும்பக் கேட்டுப் பெற்றோர் நீதிமன்றம் போன வழக்குகளும் உண்டு. 1911-ல் அப்படி ஒரு வழக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஆதரவற்ற நிலையைப் பயன்படுத்தி மதம் மாற்றலாமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. அது நியாயமான கேள்விதான். பிறருடைய பிள்ளை நம் கைக்கு வரும்போது நாமும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, வம்சம். வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற பிள்ளை என்று மாற்றி எழுத இஸ்லாம் அனுமதிப்பதில்லை. நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஜைத் (ரலி) அவர்கள் முஹம்மதின் மகன் என்று அழைக்கப்பட்டு வந்தார்கள். குர்ஆனின் கட்டளை வந்த பிறகு ஹாரிஸாவின் மகன் என்ற சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்கப்பட்டார்கள். அன்பில் குறைவு வரவில்லை, அடையாளம் மட்டும் பாதுகாக்கப்பட்டது. யத்தீமின் தகப்பன் பெயர், உறவினர், சொத்து எல்லாம் அவனுடைய அமானிதம். பொறுப்பேற்கலாம், ஊட்டி வளர்க்கலாம், படிக்க வைக்கலாம். பெயரை அழிக்கக் கூடாது. இந்தப் பாதுகாப்பு நம் ஷரீஅத்தில் இருக்கிறது. அதைச் செயல்படுத்தும் கைகள்தான் நம்மிடம் குறைவு.

பராமரிப்பு நமக்கு அந்நியமானதும் அல்ல. மதீனாவில் காயம்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுக்குள்ளேயே ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தார்கள். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதற்கென்றே அந்தப் பெண்மணி தம்மை அர்ப்பணித்திருந்தார். 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்ஃபு வருமானத்தில் ஏழைகளுக்கு இலவசமாக இயங்கியது. வரலாற்றை மேடையில் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. ருஃபைதாவின் கூடாரம் இன்று நம் மஹல்லாவில் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மஹல்லா செய்யக்கூடியது

அந்த இளைஞர்களோடு அதன்பிறகு நாம் பல முறை உட்கார்ந்து பேசினோம். கட்டடத் திட்டத்தை அவர்கள் ஒத்திவைத்தார்கள். முதலில் ஒரு பட்டியல் எடுத்தார்கள். மஹல்லாவில் தகப்பனை இழந்த பிள்ளைகள் யார், தாய் இருக்கிறாரா, படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்கள் யார், அவர்களைப் பார்த்துக்கொள்வது யார். தகப்பன் இல்லாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் உயிரோடு இருந்தார். அந்தத் தாய்க்கு மாதாமாதம் தவறாமல் உதவி போனால் பிள்ளை விடுதிக்குப் போக வேண்டியதே இல்லை என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அவர்களிடம் சொன்னவற்றை இங்கேயும் சொல்கிறோம்.

முதலாவது, ஒரு பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர். ரமளானில் நூறு பேர் வந்து போவதைவிட வருடம் முழுக்க ஒரே குடும்பம் தொடர்ந்து வருவது மேல்.

இரண்டாவது, பயிற்சி. படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஊட்டுவது, சர்க்கரை நோயாளியின் காலைக் கவனிப்பது, இவையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியவை. நம் பெண்பிள்ளைகளில் செவிலியர் படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு மஹல்லாவில் வகுப்பு வைக்கலாம்.

மூன்றாவது, சட்டம். பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். ஆதரவற்ற பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்கும், கைவிடப்பட்ட முதியவரைக் கண்டால் 14567 என்ற எண்ணுக்கும் தகவல் சொல்லலாம். பிள்ளைகளோடு பழகுபவர் யாராக இருந்தாலும், ஆலிமாக இருந்தாலும், கண்காணிப்புக்கு உட்பட்டவரே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்காவது, ஏற்கனவே இருப்பதைப் பயன்படுத்துவது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த நோயாளிகளுக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. பக்கத்துக் கேரளாவில் 1993-ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் ஊர் மக்களே தன்னார்வலர்களாக நோயாளியின் வீட்டுக்குச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. அங்கே முடிந்தது மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் காயல்பட்டினத்திலும் முடியாதா?

ஐந்தாவது, கண்ணியம். உதவி வாங்கும் பிள்ளையை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதை விட்டுவிடுவோம். அந்தப் பிள்ளை நாளை வளர்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பான்.

அந்த இளைஞர்களில் ஒருவர் இப்போது வாரம் இரண்டு நாள் இஷாவுக்குப் பிறகு ஒரு முதியவர் வீட்டுக்குப் போகிறார். அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, உடை மாற்றி, கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருகிறார். செங்கல் ஒன்றுகூட வைக்கப்படவில்லை. ஆனால் இரவு எழுந்து போக இப்போது ஒருவர் இருக்கிறார்.

வல்ல அல்லாஹ் நம் யத்தீம்களுக்கும் நோயாளிகளுக்கும் முதியோருக்கும் உடன் இருக்கும் மனதையும், அதற்கான அறிவையும், தொடர்ந்து செய்யும் உறுதியையும் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.